ஆறு துப்பாக்கிகளின் துரு

இனிமேல் ஆறு துப்பாக்கிகளிலும் ஒரு புள்ளித் துருகூட ஏறாது என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி உதறி, சாமான் அறையைப் பூட்டி, ஏட்டு அமலோற்பவம் வெளியே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்த அதே முற்பகலில்தான், ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருவில் மீன் அறுத்துக்கொண்டிருந்த ஆலிசம்மாவின் அரிவாள்மணை, விளைமீன் பாதி அறுபட்ட நிலையில், செங்காவிப் பொடியாக உதிர்ந்து அவள் மடியில் கொட்டியது. ஆலிசம்மா பயப்படவில்லை. "நேத்துதான சாணை பிடிச்சேன், ஏமாத்திட்டானே பாவி" என்று சாணைக்காரனை வைதுவிட்டு, மடியைத் தட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் இரவல் கேட்கப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி தன் அரிவாள்மணை இருந்த இடத்தில் கிடந்த பொடியைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

சிப்பிகுடி ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பளமுமாகக் கிடக்கிற ஊர். அங்கே காற்றே உப்பு. துணி காய்ந்தால் உப்பு, உதட்டை நக்கினால் உப்பு, புதுச் சைக்கிள் வாங்கியவன் அடுத்த மழைக்குள் அதை விற்றுவிடத் துடிக்கிற ஊர். ஆகையால் இரும்பு துருப்பிடிப்பது அங்கே யாரும் நின்று பார்க்கிற விஷயமே அல்ல. அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடை அடுப்பின் கம்பி போனது, பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தின் கொக்கி போனது, முடிதிருத்தும் கடையில் ஒருவருக்குப் பாதி மீசை வெட்டியிருந்தபோது கத்தரிக்கோல் போனது. "இந்த வருசம் காத்து சரியில்ல" என்றார்கள். அவ்வளவுதான். பாதி மீசைக்காரர் மறுநாள் பஸ் ஏறிப் போய் மீதியை வெளியூரில் எடுத்துக்கொண்டு வந்தார்.

அமலோற்பவத்துக்கும் அன்று ஒன்றும் தோன்றவில்லை. அவள் மனசு முழுக்க அந்த ஆறு துப்பாக்கிகள்தான் இருந்தன.

அவை பூபதி வீட்டுத் துப்பாக்கிகள். ஊரைச் சுற்றி இருக்கிற உப்பளங்களில் முக்கால்வாசி அந்த வீட்டுச் சொத்து. ராஜபூபதி, குணபூபதி, ஜெயபூபதி என்று மூன்று சகோதரர்கள். ஆளுக்கு இரண்டு இரட்டைக்குழல் துப்பாக்கிகள், எல்லாம் உரிமம் உள்ளவை. அளத்து வேலைக்காரர்கள் கடலுக்குப் போய்வந்த வழியை அவர்கள் முள்வேலி போட்டு அடைத்தபோது, உச்சிமாகாளி என்கிற அளத்தொழிலாளி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் வேலியைப் பிரித்தான். பிரித்த மூன்றாம் நாள், சித்திரை மாதத்து வெயிலில், அள வரப்பில் சுடப்பட்டுக் கிடந்தான். வெடிச்சத்தம் ஊருக்கே கேட்டது. பார்த்தவர் என்று ஒருவரும் வரவில்லை. வரப்பில் கிடைத்தது ஒரே ஒரு வெடித்த தோட்டாக்கூடு. அதன் அடியில், விசையை இழுத்ததும் தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கிற துப்பாக்கியின் அடிமுள் போட்ட தழும்பு இருந்தது. ஒவ்வொரு துப்பாக்கியின் அடிமுள்ளும் தன் தழும்பைத் தன் விதமாகப் போடும். ஆறையும் சோதித்துப் பார்த்தால் சுட்டது எது என்று தெரிந்துவிடும். சோதிக்கக் கூடாது என்று பூபதி வீட்டார் மேல்கோர்ட்டில் மனுப் போட்டார்கள். மனு வருஷக்கணக்காக அப்படியே நின்றது. மனு முடியும்வரை துப்பாக்கிகள் சிப்பிகுடி ஸ்டேஷனிலேயே இருக்கட்டும், இருக்கிற நிலை மாறக் கூடாது என்று உத்தரவாயிற்று.

முன்பு வழக்குச் சாமான்கள் வைக்கிற அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் துப்பாக்கிகளைத் தோல் உறையில் போட்டுச் சுவரோரம் சாத்திவைத்திருந்தார். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், குடித்ததை இரும்புக்குக் கொடுக்கும். ஒருமுறை கோர்ட்டில் அவற்றை எடுத்துக் காட்டியபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த முள் துருவில் போனால் வழக்கும் அதோடு போயிற்று, ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லையா உங்கள் ஸ்டேஷனில்?" என்று கேட்டார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் உச்சிமாகாளியின் பெண்டாட்டி சந்தனக்கனி நின்றுகொண்டிருந்தாள். துப்பாக்கிகளைச் சுமந்துவந்த அமலோற்பவம் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்க்கும்படி ஆயிற்று. அன்றே அந்த அறையின் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பு மாவட்ட ஆயுதப்படையில் துப்பாக்கி அறையில் வேலை பார்த்தவள் அவள்.

கோர்ட்டில் அனுமதி வாங்கி, சுரண்டாமல், தேய்க்காமல், மேலே படிந்ததை மட்டும் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாள். மனுஷக் கை பட்டால் வேர்வையின் உப்பு விரல் ரேகை மாதிரியே துருவாக எழும்பும் என்பதால் கையுறை இல்லாமல் தொடவில்லை. குழல், விசை, முள் எல்லாவற்றுக்கும் லேசாக எண்ணெய் விட்டு, அதன் மேல் கெட்டியான கிரீஸைப் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி, ரப்பர் விளிம்பு வைத்த அலுமினியப் பெட்டிகளில் படுக்க வைத்தாள். நிற்க வைத்தால் எண்ணெய் வடிந்து துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் இறங்கிவிடும். ஈரம் உறிஞ்சுகிற நீலக் குருணையைத் துணியில் முடிந்து உள்ளே போட்டாள். அது ஈரம் குடித்து நிறம் மாறும்போதெல்லாம் மண்சட்டியில் வறுத்து மறுபடி நீலமாக்கினாள். இத்தனையும் செய்து முடித்த அன்றுதான் ஆலிசம்மாவின் அரிவாள்மணை உதிர்ந்தது.

அதற்குப் பிறகு ஊரில் இரும்பு நிற்கவில்லை. ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றாகப் போய், வீடுகள் பல்லில்லாத வாயோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. கிணற்று உருளை போய்விட, பெண்கள் வெறுங்கயிற்றில் தண்ணீர் சேந்தினார்கள். வள்ளங்களின் ஆணிகள் கரைந்து பலகைகள் வாய் பிளக்க, மீன்பிடிக்கிறவர்கள் பழையபடி பலகையைக் கயிறு கொண்டு தைத்தார்கள். நங்கூரத்துக்குப் பதில் கல்லைக் கட்டினார்கள். மூங்கிலைச் சீவிக் கத்தி செய்தார்கள், சிப்பி ஓட்டால் தேங்காய் துருவினார்கள், இரும்புச் சட்டிக்கு மண்சட்டி, பூட்டுக்குப் பதில் கயிற்று முடிச்சு என்று பழகிக்கொண்டார்கள். கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தெரியாதவன் யார் என்பதால் திருட்டு கூடும் என்று ஸ்டேஷனில் பயந்தார்கள். ஆனால் திருட வருகிறவன் கொண்டுவருகிற கம்பியும் எல்லையிலேயே உதிர்ந்ததால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கோயில் சூலத்தை எடுத்துவிட்டு வேப்பங்கட்டையில் ஒன்று செய்து வைத்தார்கள். மாதா கோயில் மணியின் நாக்கு விழுந்த பிறகு உபதேசியார் பூசைக்கு முன் தெருவில் நடந்து வாயாலேயே "டாண், டாண்" என்று சொல்லிக்கொண்டு போனார். முதல் ஞாயிறு சிரித்தவர்கள் இரண்டாம் ஞாயிறு அந்தச் சத்தத்துக்கு எழுந்து முகம் கழுவினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் "உங்க வீட்ல இன்னும் இரும்பு நிக்குதா?" என்று விசாரித்தார்கள். டவுன் பஸ் ஊருக்குள் வராமல் எல்லையில் இருந்த மேட்டிலேயே திரும்பிக்கொண்டது.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்தபோது சாமான் அறை ஓட்டில் ஒழுகி, பெட்டி ஒன்றுக்குள் ஈரம் போய், இரண்டு துப்பாக்கிக் குழல்களில் மிளகளவு புள்ளிகள் எழும்பின. அமலோற்பவம் அதைப் பார்க்காத அந்தச் சில நாள், ஊரில் எதுவும் உதிரவில்லை. டவுனிலிருந்து வாங்கிவந்த புது அரிவாள்மணையில் ஆலிசம்மா நிம்மதியாகச் சாளை மீன் அறுத்தாள். அமலோற்பவம் பார்த்துப் பதறி, ஓட்டை மாற்றி, புள்ளிகளை எண்ணெயில் ஊறவைத்து ஒற்றி எடுத்துப் பெட்டியை மூடினாள். மூடிய கொஞ்ச நேரத்தில் ஆலிசம்மா மடியில் பொடியோடு ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டம்மா, இப்ப அந்தத் துப்பாக்கிய தொடச்சியளா?"

"ஆமா. ஏன்?"

"அதான் கேட்டேன்" என்று மடியை விரித்துக் காட்டினாள். "நீங்க அங்க தொடைக்கிய. அது இங்க வருது. அதுக்கும் எங்கயாவது போவணும்லா? ஒண்ணு செய்ங்க, உங்க துருவுல கொஞ்சம் நீங்களே வச்சுக்கிடுங்க."

அமலோற்பவம் அதை நம்பாமல் இருக்க ஒரு வாரம் முயன்று பார்த்தாள். எண்ணெய் போடாமல் ஒரு நாள் விட்டாள். ஊர் அமைதியாக இருந்தது. மறுநாள் போட்டாள், தபால் பெட்டி கடிதங்களை விட்டுவிட்டுப் பொடியாகிப் போனது. அதற்கு மேல் நம்பாமல் இருக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் ஞானதுரையிடம் போனாள். அவர் நாற்காலியின் இரும்புக் கால்கள் போய் இரண்டு வாரமாகச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி மறுபடி ஒரு தடவை கேளுங்க."

"கேட்டாச்சு. மனு நிலுவையில இருக்குன்னு பதில் வந்தாச்சு."

"இப்படியே போனா ஊர்ல இரும்பே இருக்காது ஐயா."

"அத நான் மேல என்னன்னு எழுத? துப்பாக்கி நல்லா இருக்கு, ஆனா ஊரு துருப்பிடிச்சுப்போச்சுன்னா? அவங்க கேக்குறது துப்பாக்கியப் பத்தி. நல்லா இருக்கான்னு கேட்டா நல்லா இருக்குன்னு எழுதுவேன்."

அவர் கெட்டவர் இல்லை. திண்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்ட மனிதர். ஆனால் அவரிடம் பேசிவிட்டு வெளியே வந்தபோது அமலோற்பவத்துக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குப் பிறகு அவள் கோர்ட்டுக்குப் போனாள், தேதி தள்ளிப்போனது. ஆய்வுக்கூடத்துக்குப் போனாள், உத்தரவு இல்லாமல் தொட மாட்டோம் என்றார்கள். அரசு வக்கீலைப் பார்த்தாள். அவர் மாறிப்போய்ப் புதியவர் வந்திருந்தார், முதலிலிருந்து சொல்லச் சொன்னார், சொன்னாள், அடுத்த முறை போனபோது அவரும் மாறியிருந்தார். திரும்பி வந்து பெட்டியைத் திறந்து, தாளைப் பிரித்து, முள்ளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள். விட்ட கையோடு தெருவில் எதுவோ விழுகிற சத்தம் கேட்கும், யாரோ வைகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வசவு. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த துப்பாக்கியை எடுப்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் பூபதி வீட்டு வக்கீல் ஊருக்குள் ஒரு பேச்சை விட்டார். துப்பாக்கிகளை எங்களிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள், நாங்கள் முன்பு மாதிரி சுவரில் மாட்டிவைக்கிறோம், துருப்பிடித்தால் பிடிக்கட்டும், உங்கள் இரும்பு உங்களுக்கு நிற்கும்; உச்சிமாகாளி பெண்டாட்டி ஆட்சேபம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். பூபதி வீட்டு இரும்புக் கதவும் விழுந்து, அவர்களும் பனையோலைத் தட்டிதான் வைத்திருந்தார்கள் என்பதால் அந்தப் பேச்சு நியாயம் போலவே இருந்தது. நாலே நாளில் ஊரே அதைத் தங்கள் யோசனை மாதிரி பேசத் தொடங்கிவிட்டது.

ஒரு மாலையில் எல்லோருமாகச் சேர்ந்து சந்தனக்கனியின் வீட்டுக்குப் போனார்கள். தகவல் தெரிந்து அமலோற்பவம் போய்ச் சேர்வதற்குள் வாசல் நிறைந்திருந்தது. சந்தனக்கனி அளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கால் பாதமெல்லாம் உப்பு வெடிப்பு, காலைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஆலிசம்மாதான் பேசினாள். அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "கனி, நாங்க உனக்கு விரோதமா வரல. போனவரு போய்ட்டாரு. இருக்கிறவுக பாடு என்னன்னு பாரு. என் மவன் வள்ளம் ரெண்டு தடவ வாய் பிளந்துட்டு."

"தெரியும் மதினி."

"ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும்லா?"

சந்தனக்கனி கால்களைச் சட்டியிலிருந்து எடுக்கவில்லை. "எங்க வீட்ல மட்டும் இரும்பு நின்னுச்சுன்னா நினைக்கிய? அவுக வேலி பிரிச்ச வெட்டுக்கத்தி எரவாணத்துல சொருகி இருந்துச்சு. உங்க அரிவாமணைக்கு முன்னாலயே அது போச்சு. கூட்டி அள்ளி ஒரு செம்புல போட்டு வச்சிருக்கேன். நான் யாருட்டயாவது வந்து கேட்டனா?"

ஆலிசம்மா கூரைக்கடியில் வெறுமையாகக் கிடந்த எரவாணத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு வெடிச்சத்தம் கேட்டுச்சுல்லா? எத்தன பேருக்குக் கேட்டுச்சு? நான் ஒத்தையில ஓடுனேன் வரப்புல. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடுனேன், யாராவது வாராவளான்னு. ஒருத்தரும் வரல. இன்னைக்கு ஊரே வந்து நிக்கிய. இத்தன பேரு இந்த ஊர்ல இருக்கியன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

பிறகு அமலோற்பவத்தைப் பார்த்து, "ஏட்டம்மா, நாளைக்கும் எண்ணெய் போடுவியள்லா?" என்று கேட்டாள். கூட்டம் மொத்தமும் திரும்பி அமலோற்பவத்தைப் பார்த்தது.

"போடுவேன்" என்றாள் அமலோற்பவம். சொன்ன மாத்திரத்தில் வாசலில் இருந்த பலரும் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த நாளிலிருந்து கடையில் அவளுக்குச் சாமான் கடைசியில்தான் கிடைத்தது.

அந்த மார்கழி முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்தவள் கையுறையைப் போடாமல் நின்றாள். வேர்த்த கையை ஒரு முறை குழல் நெடுக வைத்து எடுத்தால் போதும், மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும்; ஊரும் பேசும், கடையிலும் சிரிப்பார்கள், யாருக்கும் தெரியாது. கையை நீட்டினாள். முள் மட்டும் அந்த மங்கலிலும் மின்னிக்கொண்டு இருந்தது. உலகத்தில் உச்சிமாகாளிக்காகப் பேசக்கூடியது அது ஒன்றுதான், அதையும் பேச விடாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள், தான் அதன் தொண்டையை மட்டும் காய விடாமல் ஈரப்படுத்திக்கொண்டே இருக்கிறோம் என்று நினைத்தபோது அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பெட்டியை ஓங்கி ஒரு உதை உதைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, எண்ணெய் போட்டாள்.

தை பிறந்து சில நாளில் உப்பாற்றுத் தோணியின் வடம் அறுந்தது.

ஊருக்கும் அக்கரைக்கும் நடுவே உப்பாறு கடலில் சேர்கிற இடத்தில், இரு கரையிலும் கட்டிய இரும்பு வடத்தைப் பிடித்து இழுத்துத்தான் தொம்மை தோணி விடுவார். அந்த வடத்துக்கு மட்டும் துரு வரவில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தினம் தொம்மை அதற்கு மீன் எண்ணெய் தடவுவார். அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகிறவர்களுமாகத் தோணி நடு ஆற்றில் இருந்தபோது, அத்தனை நாள் உள்ளுக்குள்ளேயே தின்றிருந்த துரு ஒரே மூச்சில் வெளியே வந்தது. வடம் அறுந்து, சாட்டை மாதிரி சுழன்று, தொம்மையின் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. கடல் உள்வாங்குகிற வத்த நேரம், ஆற்று நீர் கடலை நோக்கி இழுக்க, தோணி முகத்துவாரம்வரை போய்விட்டது. கயிறு தைத்த வள்ளங்களில் போய் மறித்து, அத்தனை பேரையும் உயிரோடு கரை சேர்த்தார்கள். கரையில் இருந்த அமலோற்பவம் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளை வாங்கி வாங்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு பிள்ளையும் அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டபோது, இது நான் போட்ட எண்ணெய் என்கிற நினைப்பு அவளை விடவில்லை.

காயம் ஆறாத கையைத் துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு தொம்மை ஸ்டேஷனுக்கு வந்தார். வைய வருகிறார் என்று நினைத்து அமலோற்பவம் எழுந்து நின்றாள்.

"உக்காருங்க ஏட்டம்மா. உக்காந்து கேளுங்க" என்றார் அவர். "ஆறு துப்பாக்கியா வச்சிருக்கிய?"

"ஆமா."

"ஆறு எதுக்கு? ஒண்ணுதான சுட்டது."

அமலோற்பவம் உட்காரவில்லை.

"உச்சிமாகாளிய சுட்ட அன்னைக்குத் தோணில நான் மட்டும் இருந்தேன். வரப்பு அங்கருந்து நல்லா தெரியும். சின்னவரு ஜெயபூபதிதான் நடந்து போனாரு. கட்டையில செம்புக்கம்பி சுத்துன துப்பாக்கி. வெயில்ல அந்தக் கம்பி மின்னுச்சு. பிறகு சத்தம் கேட்டுச்சு. பிறகு அவரு மட்டும் திரும்பி வந்தாரு."

"ஏன் இத்தன வருசமா சொல்லல?"

"துறைக் குத்தகை பூபதி வீட்டுது. சொன்னா நாளைக்குத் தோணி இல்ல" என்றார். கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "இப்ப எப்படியும் தோணி இல்ல. பிள்ளைய கத்துன சத்தம் காதுக்குள்ளயே நிக்கி. எழுதிக்கிடுங்க. எங்க வேணாலும் வந்து சொல்லுதேன்."

அவர் நீதிபதி முன்னால் போய் அதையே சொன்னார். குறுக்குக் கேள்வியில் பூபதி வீட்டு வக்கீல், கை போன ஆத்திரத்தில் சொல்கிறீரா என்று கேட்டதற்கு, "கை போனதுனாலதான் சொல்லுதேன், அதுல என்ன சந்தேகம்?" என்றார். செம்புக்கம்பி சுற்றியதைத் தவிர மற்ற ஐந்தையும் வழக்குக்காகக் காக்க வேண்டியதில்லை என்று உத்தரவு வந்தது. செம்புக்கம்பித் துப்பாக்கியைச் சோதிக்க மட்டும் இன்னும் அனுமதி வரவில்லை. மனு இருக்கிறது, அது முடியட்டும் என்றார்கள்.

உத்தரவு வந்த அன்று நண்பகலில் அமலோற்பவம் ஐந்து துப்பாக்கிகளையும் ஸ்டேஷன் முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். தாளைப் பிரித்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கிரீஸையெல்லாம் வழித்துத் துடைத்து, வேப்பமரத்தடியில் வரிசையாகக் கிடத்தினாள். மதிலுக்கு வெளியே ஊர் கூடிப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தெருக்களிலிருந்தும் கூரைகளிலிருந்தும் வள்ளங்களிலிருந்தும் செந்நிறப் புழுதி மெல்லக் கிளம்பி, பொழுது சாய்கிறபோது மரத்துக்குத் திரும்புகிற குருவிகள் மாதிரி தாழப் பறந்து, முற்றத்துக்கு வந்து அந்த ஐந்தின் மேலும் இறங்கியது. குழல்கள் சிவந்தன, பருத்தன, செதில் செதிலாக விரிந்தன. சாயங்காலத்துக்குள் ஐந்து கட்டைகளும் ஐந்து மண்மேடுகளும்தான் இருந்தன. ஆலிசம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எவ்வளவு நாளா இத நாம தின்னோம்" என்றாள்.

ஒன்று மீதி இருந்தது. செம்புக்கம்பி சுற்றியதன் துரு யாருக்காவது வரத்தான் வேண்டும். ஆனால் ஒரு துப்பாக்கியின் துரு ஆறின் துரு மாதிரி வெறி பிடித்து அலையவில்லை. எல்லோரும் தங்கள் இரும்புக்கு எண்ணெய் தடவிவிட்டு ஒரு வீட்டில் மட்டும் ஒன்றைத் தடவாமல் வைத்தால், அது நேராக அங்கே போனது. குப்பையில் கிடந்த பழைய தகரத்தை வைத்துப் பார்த்தார்கள், ஏறவில்லை. தினம் கைபடுகிற, இல்லாவிட்டால் கஷ்டப்படுகிற இரும்பைத்தான் அது தேடியது. ஊர் கூடிப் பேசியது. பேச்சு வளரும், சண்டையில் முடியும் என்று அமலோற்பவம் எதிர்பார்த்தாள். "வாரத்துக்கு ஒரு வீடு" என்று ஆலிசம்மா சொன்னாள், முதல் வாரத்துக்குத் தன் அரிவாள்மணையையே துடைத்து வாசலில் வைத்தாள். அடுத்த வாரம் டீக்கடைக் கரண்டி. அதற்கடுத்த வாரம் தொம்மை வீட்டு அரிவாள். சந்தனக்கனி தன் முறையைக் கேட்டு வந்தபோது, அவள் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள் என்று திருப்பி அனுப்பினார்கள். கடையில் அமலோற்பவத்துக்கு வரிசையில் இடம் திரும்பக் கிடைத்தது, அவ்வளவு சீக்கிரம் இல்லையென்றாலும்.

மேலதிகாரி ஒருவர் ஸ்டேஷனைப் பார்வையிட வந்தபோது வாசல் இரும்புக் கதவைத் தள்ளினார், உள்ளங்கை சிவப்பாயிற்று. "என்ன இது, பராமரிப்பே இல்லையா?" என்று கேட்டார்.

"இந்த வாரம் ஸ்டேஷன் முறை ஐயா" என்றார் இன்ஸ்பெக்டர் ஞானதுரை, திண்டிலிருந்து எழுந்து சல்யூட் அடித்தபடி. அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

பூபதி வீட்டை யாரும் முறைக்குக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. மாசி போய்ப் பங்குனி பிறந்தது, மனு இன்னும் நின்றது, அமலோற்பவம் இன்னும் நீலக் குருணையை வறுத்துக்கொண்டிருந்தாள், அரசு வக்கீல் மறுபடி மாறியிருந்தார். அந்த வாரம் யார் முறை என்று ஊரில் ஏதோ குழப்பம் வந்து, இரண்டு வீடுகள் ஒன்றையொன்று சாட்டிக்கொண்டு எதையும் வைக்காமலே விட்டுவிட்டன. யார் வீட்டில் இறங்கப்போகிறதோ என்று எல்லோரும் இரும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கேயும் இறங்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் துப்பாக்கியும் எண்ணெய் மினுமினுப்போடு அப்படியே இருந்தது. அமலோற்பவத்துக்கு அது எரிச்சலாக இருந்தது. எங்கே போயிற்று என்று தெரியாத துரு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் பொதுக்குழாயில் அவள் குடத்தோடு நின்றபோது ராஜபூபதியின் மனைவி வடிவாம்பாள் வந்தாள். பூபதி வீட்டு மூத்த மருமகள் குழாயடிக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. அந்த வீட்டுக் கிணறு வற்றாது. இடுப்பில் குடம் வைத்திருந்தாள். மறுபக்கம் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது: களஞ்சியத்தின் சாவி, அலமாரிகளின் சாவி, பூஜை அறையின் சாவி, கொழுந்தன் ஜெயபூபதியின் அறைச் சாவி. அத்தனையும் செக்கச் சிவந்து, பல் உதிர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. வெளிர்மஞ்சள் புடவையில் கொசுவத்திலிருந்து கணுக்கால்வரை துருவின் கறை இறங்கியிருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

சந்தனக்கனி குழாய்க்கு நேர் முன்னால் நின்றாள். அவள் குடம் பாதி நிறைந்திருந்தது.

"இந்த வாரம் நாங்க" என்றாள் வடிவாம்பாள்.

சந்தனக்கனி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சாவிகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாதி நிறைந்த குடத்தைக் குழாய்க்கு அடியிலிருந்து இழுத்து, ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள்.